சேப்பாக்கத்துக்குப் போகாதவர் கை தூக்குங்கள்

நாலாவது பந்தில் ஒரு மனிதனை இடைமறிப்பது எந்த ஊர் நாகரிகம்? மூன்றாவது பந்தில் நிறுத்தியிருக்கலாம். ரவி சாஸ்திரி ஒரு ரன் ஓடி ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு எதிர்முனையில் மூச்சு வாங்கும் இடம் அது; நானும் அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வேன், யாராவது டீ குடிக்க எழுந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். ஐந்தாவது பந்துக்குப் பிறகு என்றால் கேள்வியே இல்லை, ஊரே பேசலாம். ஆனால் மணிந்தர் சிங் நாலாவது பந்தைத் தடுத்தாடியாகிவிட்டது. கிரெக் மாத்யூஸ் திரும்பி நடக்கிறார். நான் குரலை இறக்கிவிட்டேன். மயூர் விஹார் முதல் ஃபேஸில் எங்கள் பாக்கெட் பூங்காவில் கடலை உரிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அப்போது என் மூக்குக்கு நேரே ஒரு செல்போன் வருகிறது. "சார், இதைப் பாருங்க. ரெண்டு புள்ளி ஒண்ணு செகண்ட். ரெண்டே புள்ளி ஒண்ணு!"

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் ஆறவில்லை.

நீட்டியவரை நாங்கள் இப்போது 'ரிட்டர்ன்' என்று கூப்பிடுகிறோம். ஆறு மாதம் வட கரோலினாவில் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். போகும்போது ஒழுங்காகத்தான் போனார். 1999 சேப்பாக்கம் கட்சியில் இருந்தவர். டெண்டுல்கரின் முதுகுவலியைத் தன் முதுகில் கை வைத்துக்கொண்டு சொல்வார். வரும்போது கூடைப்பந்து ரசிகராக வந்து இறங்கியிருக்கிறார். அதுவும் தொழில்முறை ஆட்டம்கூட இல்லை, காலேஜ் பையன்கள் ஆட்டம்.

அவர் சொன்னதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். 1992 மார்ச் 28, பிலடெல்பியா. டியூக் பல்கலைக்கழகமும் கென்டக்கி பல்கலைக்கழகமும் மோதுகின்றன. ஆட்ட நேரத்தில் சமன். கூடுதல் நேரத்தில் கென்டக்கி 103, டியூக் 102. மிச்சம் 2.1 விநாடி. டியூக்கின் கிராண்ட் ஹில் தன் பக்கத்துக் கடைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை அந்தக் கோடிவரை வீசுகிறார். கிறிஸ்டியன் லேட்னர் கூடைக்கு முதுகைக் காட்டியபடி துள்ளிப் பிடித்து, ஒருமுறை தரையில் தட்டி, வலப்பக்கம் போவதுபோல் ஏமாற்றி, இடப்பக்கம் திரும்பிப் போடுகிறார். 104–103. அன்றைக்கு லேட்னர் ஆட்டத்தின் போக்கில் எறிந்தது பத்து, விழுந்தது பத்து. தவறுக்காகக் கிடைத்த தனி எறிகள் பத்து, விழுந்ததும் பத்து.

"மனுஷனா சார் அவன்?" என்றார் ரிட்டர்ன்.

"இது ஃபைனலா?" என்று கேட்டார் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்ற மாமா. அவர் எதையும் சும்மா கேட்கமாட்டார்.

ரிட்டர்ன் கொஞ்சம் தயங்கினார். "இல்ல... வட்டார ஃபைனல். இதுல ஜெயிச்சவங்க அரையிறுதிக்குப் போவாங்க."

"அப்ப ஸோனல் மேட்ச். துலீப் டிராஃபி மாதிரி."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, என் மணிந்தர் இன்னும் ஐந்தாவது பந்துக்காக மட்டையைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார். போதாக்குறைக்கு ரிட்டர்ன் அசல் நேர்மையாளர். அதே ஆட்டத்தில் முன்னதாக, கீழே விழுந்துகிடந்த கென்டக்கிப் பையன் ஒருவனின் மார்பில் லேட்னர் காலை வைத்து மிதித்ததையும், நடுவர்கள் ஒரு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்ததோடு விட்டுவிட்டதையும் அவரே சொல்லித் தொலைத்தார். தணிக்கை மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மிதிச்சவனை உள்ளயே வெச்சிருந்தாங்களா? மிஸ்காண்டக்ட் சார் அது. விசாரணை முடியறவரைக்கும் சஸ்பென்ஷன்ல வெச்சிருக்கணும். அவன் கடைசி செகண்டுல போட்ட கூடை எப்படி செல்லும்?"

கிராண்ட் ஹில்லுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க ஓர் ஆளைக்கூடப் போடாத கென்டக்கி பயிற்சியாளர் ரிக் பிட்டினோவை அதற்குப் பிறகு அரை மணி நேரம் விசாரித்தார்கள். பிட்டினோவை எனக்கு முன்பின் தெரியாது. ஆனால் அவருக்காக நான் ஏன் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்?

ஆகச் சிறந்த ஆட்டம் எது என்பதைத் தீர்மானிக்க என்னிடம் உறுதியான அளவுகோல் ஒன்று உண்டு. பல வருட யோசனையில் உருவானது. அதை வைத்து அளந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லா வாதமும் முடிந்துவிடும். இந்தக் கட்டுரையே அதைச் சொல்லத்தான். ஆனால் அதற்கு முன் சாட்சிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய, நான் கடைசி ஓவரைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த டெஸ்டை நேரில் பார்த்தவர்கள் மயூர் விஹாரில் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? பாக்கெட் ஒன்றிலிருந்து ஐந்துவரை நான் கேட்ட அளவில், பார்க்காதவர் என்று ஒருவரும் இல்லை. உத்தர குருவாயூரப்பன் கோவிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது கேட்டுப் பாருங்கள். முன்னால் நிற்பவர் டி ஸ்டாண்டில் இருந்தார். பின்னால் நிற்பவர் பெவிலியனுக்கு நேர் எதிரே. வரிசையை ஒழுங்குபடுத்துகிற மலையாளி நண்பர்கூட, ஒற்றப்பாலத்திலிருந்து ரயிலேறிப் போனதாகச் சொல்கிறார். ஆளுக்கு ஆள் இடம் மாறும், மற்றதெல்லாம் மாறாது. பக்கிங்காம் கால்வாயின் நாற்றம் வரும். டீன் ஜோன்ஸ் வாந்தியெடுத்து வாந்தியெடுத்து 210 அடித்தது வரும். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் டிரிப்ஸ் ஏற்றியது வரும். சென்னையின் செப்டம்பர் வெயிலில் கிரெக் மாத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசியது வரும். இந்த நான்கையும் மறுநாள் பேப்பர் படித்த எவரும் சொல்லலாம். அதனால்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

இதில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது லீவுக் கணக்கு. கேளுங்கள். 18ஆம் தேதி வியாழக்கிழமை. நம் சாட்சிகளில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு டெல்லியில் மத்திய அரசு ஊழியர்கள். ஜி.டி. ஆனாலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆனாலும் சென்னைக்கு இரண்டு ராத்திரி. ஆக செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து ரயிலேறினால்தான் வியாழக்கிழமை ஆலன் பார்டர் டாஸ் ஜெயிப்பதைப் பார்க்கலாம். புதன் லீவு. வியாழன், வெள்ளி லீவு. 1985லேயே வாரம் ஐந்து நாள் வேலை வந்துவிட்டபடியால் சனி, ஞாயிறு பிழைத்தது. திங்கள் லீவு, அன்றைக்குத்தானே கடைசி நாள். திங்கள் ராத்திரி ரயிலேறினால் செவ்வாய் முழுக்க ரயில், அதுவும் லீவு. புதன்கிழமை காலையில் வந்து இறங்கி, குளிக்காமல் ஆபீஸ். மொத்தம் ஐந்து நாள் கேஷுவல் லீவ். ஒரேயடியாக ஐந்து நாளுக்கு மேல் சி.எல். சாதாரணமாகக் கொடுக்கமாட்டார்கள் என்பது தணிக்கை மாமாவே ஒப்புக்கொள்கிற விதி. அந்த விதியின் விளிம்பில், ஒரு நாள்கூட மிச்சமில்லாமல், இத்தனை பேருக்கும் லீவு கிடைத்திருக்கிறது! எந்த செக்ஷன் ஆபீசர் இந்தக் கருணாமூர்த்தி? அவரும் சேப்பாக்கத்தில் இருந்தார் என்பதுதான் ஒரே விளக்கம்.

இன்னும் யோசித்தால் விபரீதமாகப் போகிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே போகத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதங்களைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். தட்டச்சுக்காரர் மயிலாப்பூர்க்காரர், அவரும் ஊரில் இல்லை. எல்.டி.சி.யில் போனதாகச் சொல்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். குடும்பத்தைக் கூட்டிப்போனால்தான் எல்.டி.சி. பில் கனமாக இருக்கும் என்பதால் மனைவி, இரண்டு குழந்தைகள் சகிதம் போயிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் இன்று நொய்டாவில் ஐ.டி. கம்பெனிகளில் இருக்கிறார்கள், அவர்களும் நேரில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அதில் ஒருவர் 1988இல் பிறந்தவர். செப்டம்பர் மூன்றாம் வாரம் நார்த் பிளாக்கில் ஃபைல் நகரவில்லை, சாஸ்திரி பவனில் லிஃப்ட் ஓடவில்லை, உத்யோக் பவனில் ஆளே இல்லை. இந்திய அரசு அந்த வாரம் முழுக்க வாலாஜா சாலையில் கியூவில் நின்றது. ராஜீவ் காந்திக்குத் தெரியாமல் இது நடந்திருக்க முடியாது. யாரும் இதுவரை ஆராயவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

தணிக்கை மாமாவின் விஷயம் இன்னும் சிக்கல். ஷில்லாங் போஸ்டிங்கில் அட்டைக் கடியுடன் கழித்த மூன்று வருடங்களைப் பற்றி அவர் உருக்கமாகச் சொல்வார். எந்த மூன்று வருடங்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டுவைத்தேன். 1985 முதல் 1988 வரை. ஷில்லாங்கிலிருந்து கௌஹாத்தி, கௌஹாத்தியிலிருந்து ஹவுரா, ஹவுராவிலிருந்து சென்னை. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஐந்து நாள் சி.எல்.லில் அவரால் இரண்டாவது நாள் தேநீர் இடைவேளைக்குமுன் சேப்பாக்கம் பட்டாபிராமன் கேட்டைத் தொட்டிருக்க முடியாது. ஆனால் முதல் நாள் டேவிட் பூன் அடித்த சதத்தின் ஒவ்வொரு பவுண்டரியும் அவருக்கு மனப்பாடம்.

டெஸ்ட் சரித்திரத்தில் முதல் டை 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில். ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும். இரண்டாவது டை நம் சேப்பாக்கம். இரண்டுக்கும் நான் சாட்சி என்று சொல்கிற யோக்கியதை பாப் சிம்ப்சனுக்கு இருந்தது: முதலாவதில் ஆட்டக்காரர், இரண்டாவதில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர். பிரிஸ்பேனுக்கும் போயிருந்தேன் என்று எங்கள் பெஞ்சில் இன்னும் யாரும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் தேவைப்படுவதால் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் சேப்பாக்கத்தில் இருந்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தேன். அது வேறு விஷயம். என்னிடம் டிக்கெட் இருக்கிறது. எந்த டிரங்குப் பெட்டியில் என்றுதான் தேட வேண்டும்.

என் மனைவிக்கு இந்த ஆட்டம் எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். நான் "டாஸ்" என்று ஆரம்பித்தாலே சமையலறையிலிருந்து குரல் வரும்: "இந்தத் தடவையாவது ஜெயிக்கிறாங்களா?" ஜெயிக்கமாட்டார்கள் என்பதை நான் எப்படிச் சொல்வேன்? கவாஸ்கர் 90 அடித்தும், அமர்நாத் 51 அடித்தும், ஸ்ரீகாந்த் வழக்கம்போல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் 39 அடித்தும், 348 வேண்டிய இடத்தில் 347தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் 347தான் வருகிறது. நானும் சில இடங்களில் வேகத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது கோபம் வருகிற பகுதி. 1999 பிப்ரவரி 7. ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானம். பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் அனில் கும்ப்ளே ஒருவரே எடுத்தார், 74 ரன்னுக்கு. ஜிம் லேக்கருக்குப் பிறகு டெஸ்ட் ஆட்டத்தில் அதுவரை எவரும் செய்யாதது. அந்த டெஸ்டில் நம்ம ஊர் சடகோபன் ரமேஷ் முதல் இன்னிங்ஸில் 60, இரண்டாவதில் 96. கோட்லா எங்கே இருக்கிறது? யமுனையைத் தாண்டினால் ஐ.டி.ஓ., அதற்கு அடுத்து. மயூர் விஹாரிலிருந்து பஸ்ஸில் போய் டிஃபன் டப்பாவைத் திறப்பதற்குள் இறங்கிவிடலாம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. சி.எல். தேவையில்லை, செக்ஷன் ஆபீசர் தேவையில்லை, ரயில் தேவையில்லை. எங்கள் பெஞ்சில் அதை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா? ஒருவர்கூடக் கிடையாது! "கூட்டமா இருக்கும்னு போகல." "டிவில நல்லாத் தெரியும்." "அன்னிக்கு வீட்டுல வெள்ளையடிச்சிண்டிருந்தா." இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நடந்ததற்குப் போனவர்கள், வீட்டுக்கு எதிர்க்கரையில் நடந்ததற்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிறு சேப்பாக்கத்தில் நடந்ததற்கு மட்டும் எல்லோரும் மறுபடி ஆஜர். 271 வேண்டும், 82க்கு ஐந்து விக்கெட், டெண்டுல்கர் 136, நயன் மோங்கியா 52, பதினேழு ரன் மிச்சமிருக்கும்போது சக்லைனிடம் டெண்டுல்கர் அவுட், பன்னிரண்டு ரன்னில் தோல்வி. பிறகு பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவர, சென்னை எழுந்து நின்று கை தட்டியது. நான்தான் முதலில் எழுந்தேன் என்று சொல்பவர்கள் எங்கள் பூங்காவில் மூவர். ரிட்டர்னும் அதில் ஒருவராக இருந்தார், கூடைப்பந்துக்கு மதம் மாறுவதற்கு முன்.

இன்னொன்று. 2021 நவம்பர் 22, அதே கோட்லா. சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதி ஆட்டம். தமிழ்நாடும் கர்நாடகாவும். 2019 இறுதி ஆட்டத்தில் இதே கர்நாடகாவிடம்தான் நாம் ஒரு ரன்னில் தோற்றிருந்தோம். இந்தத் தடவை கடைசி ஓவரில் பதினாறு, கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும். ஷாருக் கான் சிக்ஸர் அடித்தார். கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்துத் தமிழ்நாடு கோப்பை வாங்குகிறது, அதுவும் எங்கள் வீட்டிலிருந்து சில மெட்ரோ ஸ்டேஷன் தள்ளி. கொரோனா காலம், போயிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்பது வேறு கதை. அப்படி ஓர் ஆட்டம் நடப்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் பூங்காவில்தான் இருந்தோம். ரவி சாஸ்திரி அந்த ஒரு ரன்னை ஓடியிருக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஓடியிருக்கலாம் என்பது என் கட்சி. ஓடியதால்தான் தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. ஸ்ட்ரைக்கைத் தானே வைத்துக்கொண்டு பவுண்டரிக்கு முயன்றிருக்க வேண்டும் என்பது ரயில்வே போர்டு சாரின் கட்சி. பிங்க் லைன் மெட்ரோ திரிலோக்புரியில் வெகுகாலம் அறுந்துகிடந்தது. 2021 ஆகஸ்டில் அதைக்கூட ஒட்டவைத்துவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் தண்டவாளம் போடவில்லை.

இதற்கெல்லாம் நடுவில்தான் கன்னாஜி வருவார். லாஜ்பத் நகரில் பிறந்து வளர்ந்து இங்கே ஃபிளாட் வாங்கி வந்த பஞ்சாபி. எங்களுடன் பழகி ரசம் குடிக்கக் கற்றுக்கொண்டவர். அவருக்கு அந்த டெஸ்டில் மணிந்தர் சிங்கைத் தவிர வேறு யாரும் விளையாடவில்லை. ஏனென்றால் மணிந்தர் டெல்லிக்காரர். மாத்யூஸின் ஐந்தாவது பந்து காலில் படுகிறது, நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்குகிறார், எல்.பி.டபிள்யூ. மட்டையில் பட்டுத்தான் காலில் பட்டது என்று மணிந்தர் அன்றிலிருந்து சொல்லிவருகிறார். விக்ரம்ராஜு அதற்குப் பிறகு டெஸ்ட் போட்டி எதிலும் நடுவராக நிற்கவில்லை. கன்னாஜிக்கு இந்த இரண்டாவது தகவலே போதும். "இன்சைட் எட்ஜ் தா ஜீ! பக்கா!" என்று பெஞ்சைத் தட்டுவார். கன்னாஜியும் அன்றைக்குச் சேப்பாக்கத்தில்தான் இருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன ஞாயிறு நடந்த கூத்தில் ஒரு விளைவு உண்டு. காலேஜ் ஆட்டமும் கணக்கில் சேரும் என்று ரிட்டர்ன் ஒரு வாசலைத் திறந்துவிட்டதால் ஆளாளுக்குத் தங்கள் காலேஜை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ரயில்வே போர்டு சார், இத்தனை வருடமாக வாயே திறக்காதவர், தான் ரோஹின்டன் பாரியா கோப்பைக்கான பல்கலைக்கழக அணித் தேர்வுவரை போனதாகவும், திருச்சியில் மேட்டிங் விக்கெட்டில் ஒரு காலேஜ் ஃபைனலில் கடைசி விக்கெட்டுக்குத் தான் நின்று ஜெயித்துக் கொடுத்ததாகவும் சொன்னார். எதிரணி எது? நினைவில்லை. ஸ்கோர்? ஸ்கோர்புக்கைக் கரையான் அரித்துவிட்டது. இதை எப்படி மறுப்பது? டியூக் – கென்டக்கிக்காவது வீடியோ இருக்கிறது. உலகத்தின் ஆகச் சிறந்த ஆட்டம் என்பதற்குச் சாட்சியே இல்லாத ஆட்டம்தான் பொருத்தம் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. தணிக்கை மாமா மட்டும், "மேட்டிங் விக்கெட்டா? நானும் அந்த மேட்ச் பார்த்தேனே" என்றார்.

என் அளவுகோலைச் சொல்ல இதுதான் சமயம் என்று நான் எழுந்து நின்றேன். அதற்குள் மதர் டெய்ரி பூத்துக்குப் பால் வந்துவிட்டதென்று பாதிப் பேர் டோக்கனோடு எழுந்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் ஆகாது, ஒரு கமிட்டி போட்டுவிடலாம் என்றார்கள். போட்டாயிற்று. கன்வீனர் தணிக்கை மாமா. செலவுக் கணக்கு இல்லாத கமிட்டிக்கு அவரை ஏன் போட்டோம் என்று தெரியவில்லை. ரிட்டர்ன் சிறப்பு அழைப்பாளர், ஓட்டுரிமை கிடையாது. முதல் கூட்டம் நேற்று நடந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தீர்மானம்: 1986 டெஸ்ட் பட்டியலில் முதலில் பரிசீலிக்கப்படும். மினிட்ஸ் எழுதியது நான். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், கன்னாஜியைத் தவிர. 'மணிந்தர், எல்.பி.டபிள்யூ., பந்துவீச்சு மாத்யூஸ், 0' என்று எழுதியிருக்கும் இடத்தில் பக்கத்திலேயே 'உள்விளிம்பில் பட்டது' என்று எழுதினால்தான் பேனாவைத் தொடுவாராம். நான் எழுதமாட்டேன். ஸ்கோர் கார்டில் இல்லாததை மினிட்ஸில் எப்படி எழுதுவது?